கேகாலையில் அம்மா பெயிலான கதை

நோய் வந்தால் மட்டும் போதாது, வந்திருக்கிறது என்று இன்னொருவரை நம்ப வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தெரணியகலைக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். (அவர் டாக்டர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊசி அவர் கையில்தானே இருந்தது.) மலையேறிப் பால் வெட்ட முடியாதவர்களுக்கு அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால், ஸ்டோரில் உட்கார்ந்து ரப்பர் ஷீட் அடுக்கும் லேசு வேலை கிடைக்கும். துண்டு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க நேரமில்லாததால், யார் எதைச் சொன்னாலும் அதில் கால்வாசியைத்தான் நம்புவார். அது தெரிந்த எங்கள் ஆட்களும் விடவில்லை. முழங்கால் வலித்தால் காலே விளங்கவில்லை என்றார்கள். தலை சுற்றினால் கண்ணே தெரியவில்லை என்றார்கள். அவர் கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகு, கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய உண்மையான வலியாக இருக்கும். நியாயமான ஏற்பாடுதான்.

என் அம்மா ராமாயி இதில் கைதேர்ந்தவள். டிஸ்பென்சரிக் கூரை தெரியும் வளைவு வரைக்கும் பக்கத்து வீட்டு சரோசா அக்காவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பாள். வளைவு திரும்பியதும் இடுப்பில் கை போய்விடும். இருமல் எங்கிருந்துதான் வருமோ தெரியாது. மருந்து ஊற்றி வாங்க வீட்டிலிருந்து கொண்டுபோன வெறும் போத்தல் ஒரு கையில் ஆடும். சரோசா அக்கா சாட்சி. "ராப்பூரா தூங்கல டாக்டரய்யா, நாந்தான் நெஞ்ச நீவி விட்டேன்" என்று கேட்காமலே சொல்லுவாள். துண்டோடு திரும்பி வரும்போது, அதே வளைவைத் தாண்டியதும் இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சின்ன வயதில் நான் அவர்களோடு போய் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால் அம்மா எந்த டாக்டர் முன்னால் எதைச் சொன்னாலும் அது நடிப்புதான் என்ற முடிவுக்கு மிகச் சின்ன வயதிலேயே வந்துவிட்டேன். நானும் ஒரு டாக்டரய்யாதான் என்று அப்போது தெரியவில்லை.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் செத்தார். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கிடையாது, கட்டிலும் கிடையாது. அந்த வாரம் காய்ச்சல்காரர்களால் வார்ட் நிறைந்து வழிந்தது. வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நர்ஸ்மார் குனிந்து குனிந்து முதுகு ஒடிந்துதான் பார்த்தார்கள். ஆனால் ஆட்கள் அப்பாவின் காலைத் தாண்டிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் காலை மடக்கிக்கொண்டார், வழியை அடைத்துக்கொண்டு கிடப்பதற்கு வெட்கப்பட்டவரைப் போல. அது எனக்கு மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை.

அம்மா மட்டும் தரையில் படுக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அப்போது நான் தெரணியகலை டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, போன் எடுத்துக் கொடுப்பது, சிங்களத்தில் வரும் கடிதங்களுக்கு விளக்கம் சொல்வது. லயத்து வரிசை வீட்டிலிருந்து சுரிதார் போட்டு, கைப்பையோடு இறங்கிப் போகிறவள் என்பதால் எனக்கு உலகம் முழுதும் தெரியும் என்று தோட்டம் நம்பியது. தோட்டத்தை விட அதிகமாக நான் நம்பினேன்.

அங்கேதான் ரிஸ்வான் வந்தான். புடவைக்கடை முதலாளியின் மகன். கழுத்தில் டை கட்டி ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு ஏஜென்டாகியிருந்தான். அவன் கொப்பி எடுக்கக் கொண்டுவந்த தாளில் ஒரு கிழவனும் கிழவியும் ஆப்பிள் சாப்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரேஷ்ட பிரஜைகளுக்கான மருத்துவக் காப்புறுதி. மாதாமாதம் கட்டினால், நோய், வருத்தம் என்று வரும்போது தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை. கட்டில், திரைச்சீலை, கூப்பிட மணி. நான் அந்தக் கட்டிலைத்தான் பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

ஒன்றைப் பார்த்ததும் மயங்குகிறவளா நான்? இன்னொரு கம்பனியின் தாளையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். ஒன்றில் அம்புலன்ஸ் உண்டு, கண் வைத்தியம் கிடையாது. மற்றதில் கண் உண்டு, அம்புலன்ஸ் கிடையாது. தோட்டத்து ரோட்டில் எந்த அம்புலன்ஸும் ஏறாது என்பதால் கண்ணைத் தேர்ந்தெடுத்தேன். (இப்படித்தான் அறிவாளிகள் முடிவெடுப்பார்கள்.) அது ரிஸ்வானின் கம்பனி.

"ஒண்டே ஒண்டுதான் தங்கச்சி," என்றான் ரிஸ்வான். "கேகாலையில கம்பனி டாக்டர்ட்ட அம்மாவக் காட்டணும். ஏற்கெனவே வருத்தம் இருந்தா எடுக்க மாட்டாங்க."

"வருத்தம் இல்லாட்டி எதுக்கு இன்சூரன்ஸ்?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான். "அது சட்டம்" என்றான்.

வருத்தமே இல்லாதவர்களுக்கு மட்டும் வருத்தக் காப்புறுதி. எனக்கு அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன வருத்தம்? அவளுக்கு இருந்ததெல்லாம் டிஸ்பென்சரி வருத்தங்கள். வளைவு தாண்டினால் போய்விடும்.

ஒரு வாரம் அம்மாவுக்கு வகுப்பு எடுத்தேன். அவளுடைய வாழ்நாள் பழக்கத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பும் வகுப்பு.

"டாக்டர் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்மா. 'கரதரயக் நே, ஹொந்தய்.' ஒரு கரைச்சலும் இல்ல, நல்லா இருக்கேன். அவ்வளவுதான்."

"சிங்களம் எனக்குச் சொல்லித் தாறியா?" என்றாள் அம்மா. சந்தையில் பேரம் பேசிப் பேசிச் சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

"நீங்க வேற எதுவும் பேசிறக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"நெஞ்சுல வச்சுக் கேப்பாரே, அப்ப?"

"கரதரயக் நே, ஹொந்தய்."

"முழங்கால் வலிக்குதான்னு கேட்டா?"

"அம்மா."

"சரிடி. கரதரயக் நே, ஹொந்தய்."

மண்சட்டியில் சோறு கிண்டும்போதும், விறகு அடுக்கும்போதும் அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரோசா அக்கா வாசலில் உட்கார்ந்து டாக்டராகக் கேள்வி கேட்டாள். தோட்டத்திலேயே சிறந்த நோயாளியை ஒரு வாரத்தில் ஆரோக்கியசாலியாக்கிவிட்டேன் என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை. போதாததற்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அவளுக்குத் தலைக்குக் கறுப்பு டையும் அடித்துவிட்டேன்.

இரண்டு பஸ் மாறிக் கேகாலைக்குப் போனோம். சாட்சி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் சரோசா அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் முதல் ஆளாக ஏறியிருந்தாள். வெயிலிலும் வேர்வையிலும் டை கரைந்து அம்மாவின் காதோரம் கறுப்பாக ஒழுகியது. துடைக்கத் துடைக்க நெற்றிக்கும் பரவியது. கேகாலையில் இறங்கும்போது அம்மா, கரி அள்ளிப்போட்டு வந்தவளைப் போலிருந்தாள். ரிஸ்வான் கீழே காத்துக்கொண்டு நின்றான். டாக்டரின் அறை இரண்டாம் மாடியில்.

அவன் பார்க்கிறான் என்பதால் நான் அம்மாவின் காதில் சொன்னேன்: "விறுவிறுன்னு ஏறுங்க. எளந்தாரி மாதிரி."

அம்மா ஏறினாள். கைப்பிடியைத் தொடவில்லை. நடுவில் நிற்கவில்லை. மூச்சு வாங்கிய சரோசா அக்காவைப் பின்னால் விட்டுவிட்டு, மகள் கேட்டுக்கொண்டபடி ஓர் இளந்தாரியைப் போல ஏறினாள். டாக்டரின் அறைக் கதவைத் திறந்தபோது அவளுடைய கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. வாயை மூடியபடி மூக்கால் மூச்சு விட்டாள். வாயால் விட்டால் மார்க் குறைத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பாள். நோயில்லை என்று காட்ட வந்த ஒருத்தியை மாடிப்படியில் ஓட்டிவிட்டு, நேரே பிரஷர் பார்க்கிறவர் முன்னால் உட்கார வைத்த புத்திசாலியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

டாக்டர் வயதான சிங்களவர். தும்பைப்பூ மாதிரி தலை. கையில் பட்டி சுற்றிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கரதரயக் நே, ஹொந்தய்" என்றாள் அம்மா. தெளிவாக, பிசகில்லாமல். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த கேள்விக்குத்தான் அவர் போக வேண்டும். போகவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். காதோரம் வழிந்த கறுப்பைப் பார்த்தும் சிரிக்கவில்லை. "நிறையப் படி ஏறி வந்திருக்கிறீர்கள். மூச்சு அடங்கட்டும். எனக்கு அவசரமில்லை. பிறகு சொல்லுங்கள்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் எச்சரித்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

பிறகு சொன்னாள். நெஞ்சில் இடது பக்கம் கல் வைத்த மாதிரி இருப்பதைச் சொன்னாள். மலையில் நாலு மரத்தில் பால் வெட்டினால் ஐந்தாவது மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்ததைச் சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்தே தூங்குவதைச் சொன்னாள். கால் வீங்குவதை, இரண்டாவது பிள்ளை தங்காமல் போனதிலிருந்து இடுப்பு விட்டுப்போனதை, பால் வாளி தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டதை, எல்லாவற்றையும் நல்ல சிங்களத்தில் சொன்னாள்.

"ஆமாங்க டாக்டரய்யா," என்றாள் வாசலில் வந்து நின்ற சரோசா அக்கா, பழக்க தோஷத்தில். "ராப்பூரா தூங்காது."

நான் தலையில் கை வைத்தேன். பழைய நாடகம் கேகாலையில் மறுபடியும் மேடையேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்றை நான் கவனிக்கவில்லை. அம்மா முனகவில்லை. இருமவில்லை. இடுப்பில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, வேறு யாருடைய சங்கதியையோ சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். கடைசியில் பைக்குள் கைவிட்டு, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த வெறும் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கொஞ்சம் மருந்து தாங்க ஐயா" என்றாள்.

அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. ஆளைச் சேர்க்கலாமா கூடாதா என்று கம்பனிக்குச் சொல்லும் டாக்டர். அந்தப் போத்தலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். என்னிடம் திரும்பி, "மகள், காப்புறுதியைப் பிறகு பார்ப்போம். முதலில் இவரைப் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இதயம் களைத்துப் போயிருக்கிறது" என்றார். ஒரு கடிதமும் எழுதித் தந்தார். போத்தலைத் திருப்பி அம்மாவின் கையிலேயே கொடுத்தார், இரண்டு கையாலும்.

கீழே ரிஸ்வான் என் முகத்தைப் பார்த்ததும் டையைக் கழற்றிவிட்டான். பாவம், மூன்று பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தனி அறை போச்சு. திரைச்சீலை போச்சு. மணி போச்சு.

"ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அங்கயும் போய் டிஸ்பென்சரி நாடகத்தப் போட்டுட்டீங்களே."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் றுவன்வெல்லை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு கேட்டாருடி" என்றாள்.

"எல்லா டாக்டரும்தான் கேப்பாங்க."

"இல்ல. கேட்டுட்டு எழுதக் குனிஞ்சிருவாங்க. இவரு குனியல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு." கையிலிருந்த போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் நடிக்கல புள்ள."

சரோசா அக்கா முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்ல அவளும் வாயெடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெளியே பார்த்தேன். வளைவுக்கு வளைவு ரப்பர் மரங்கள்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை. அதில் எந்த ஐந்தாவது மரத்தை அவள் கட்டிப்பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துக்கு விஷயம் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. "ராமாயி கேகாலையில பெயில்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "எழுதப்படிக்கத் தெரியாதவள சோதனைக்குக் கூட்டிப் போனா வேற என்ன ஆகும்?" என்பாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் அவள் வேறொரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னதால்தான் மகளின் ஆசை கெட்டது. அடுத்த முறை பாஸாக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் போனாள். எனக்கு லீவு கிடைக்காத மாதங்களில் சரோசா அக்கா கூடப்போவாள். அங்கே நீண்ட வரிசை. இளம் டாக்டர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் நிற்க நேரமில்லாதவர்கள். எப்படி இருக்கு அம்மா என்று கேட்டால், பழைய குளிசையையே எழுதும்படியாக அம்மா ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். என்ன பதில் என்று நான் கேட்கவும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி வார்ட்டில் சேர்த்தோம். கட்டில் இல்லை. ஆனால் தரையும் இல்லை. குஸுமாவதி என்ற சிங்கள அம்மா தன்னுடைய கட்டிலில் ஓரமாக ஒதுங்கி, "இங்கே வா அக்கா" என்று இடம் கொடுத்தார். ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலுமாக இரண்டு பேரும் சாய்ந்துகொண்டார்கள். நான் போகும்போது பாக்குச் சீவிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கியதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"எதுக்கு இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தனியா ஒரு ரூமுல போட்டிருந்தா நான் பயந்தே செத்திருப்பேன். யார்கிட்ட பேசுறது? அந்த மணிகிட்டயா?"

அன்றைக்கு டாக்டர் ரவுண்ட் வரும்போது நானும் நின்றேன். இளம் டாக்டர். கட்டிலின் இந்தப் பக்கத்துக்கு வந்து, "எப்படி அம்மா இன்றைக்கு?" என்று கேட்டார்.

அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. விரல்கள் விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"கரதரயக் நே, ஹொந்தய்."

டாக்டர் நல்லது என்று தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்கும் பார்வை அது.

நான் டாக்டரின் பின்னால் ஓடினேன். பொய், அம்மா சொல்வது பொய், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், தயவுசெய்து திரும்பி வாருங்கள் என்று அரைகுறைச் சிங்களத்தில் உளறினேன். அவர் உடனே திரும்பி வந்தார். ஒக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், பெரிய டாக்டரையும் கூப்பிட்டார்கள். அவர்களால் ஆன எல்லாவற்றையும் செய்தார்கள். களைத்துப்போன இதயம் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் தாங்கியது. குஸுமாவதி அம்மா, அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா கட்டிலில்தான் போனாள். நான் கேட்டது அவ்வளவுதானே, கிடைத்தது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எட்டாம் நாள் படையல் அன்றைக்கே சரோசா அக்கா தொடங்கிவிட்டாள். காதோரம் டை ஒழுக அம்மா மாடிப்படி ஏறியதை நடித்துக் காட்டினாள். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதை நினைத்து மறுபடியும் அழுகை வந்தது. நான் கல்யாணமாகி வந்த வீட்டிலும் இந்தக் கதை குடியேறிவிட்டது. மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தம் வழிய வந்து நின்று "கரதரயக் நே, ஹொந்தய்" என்பான். பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடக்கும் என் வீட்டுக்காரர் அதைத்தான் சொல்லுவார். அம்மாவை ஒரு தரம்கூடப் பார்க்காத பிள்ளைகள் அவளுடைய குரலிலேயே அதைச் சொல்வார்கள், வாயை மூடி ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு.

போன மாதம் டவுன் பாங்கில் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வந்த மகள் திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்றாள்.

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். "கரதரயக் நே, ஹொந்தய்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு படி இறங்கி வந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"இருங்க, மூச்சு அடங்கட்டும்," என்றாள். "பாங்க் பொறகு. டாக்டர்கிட்ட போவோம். நான் பேச மாட்டேன், நீங்களே சொல்லுங்க."